ராஜபாட்டையும் பாதசாரியும்

சென்னை மாநகரின் தெற்கு எல்லையில், கிளாம்பாக்கத்தில், ஏறத்தாழ 88 ஏக்கர் பரப்பில், 390 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு எழுப்பப்பட்ட புதிய பேருந்து நிலையம் 2023ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் தேதி திறந்து வைக்கப்பட்டது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கோயம்பேட்டில் இறங்கிப் பழகிய தென்மாவட்டப் பிரயாணிகள், சில வாரங்களுக்குள், அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தெற்கே இறக்கிவிடப்பட்டனர். அப்படி இறங்கியவர் விடியற்காலை இருட்டில் மூட்டை முடிச்சுகளோடும் குழந்தை குட்டிகளோடும் நகருக்குள் செல்ல வழி தேடியபோது, நெடுஞ்சாலைக்கு மறுபுறம் மின்சார ரயில் பாதை இருந்தது, அதன்மேல் ரயிலும் ஓடியது. ஆனால் அந்த ரயில் நின்று ஆளை ஏற்றிக்கொள்ள அங்கே ஒரு நிலையம் இல்லை. பேருந்து நிலையம் திறந்து ஓராண்டு கழிந்த பின்னும் அந்த ரயில் நிலையத்தின் பணி முடியவில்லை. விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை வரவேண்டிய 15.46 கிலோமீட்டர் மெட்ரோவோ, திறப்பு விழா நடந்த நாளில் காகிதத்தைத் தாண்டவில்லை. முடிந்திருந்தது ஒன்றே: வண்டலூரையும் கூடுவாஞ்சேரியையும் ஊடுருவிச் செல்லும் பெருந்தெற்கு நெடுஞ்சாலை, ஜி.எஸ்.டி. ரோடு என்று எல்லோரும் அறிந்த அந்த ராஜபாட்டை, எட்டுத் தடங்களாக விஸ்தரிக்கப்பட்டிருந்தது.

இதை நிர்வாகக் கோளாறு என்று சொல்லி ஒதுக்கிவிடுவோர் உண்டு. ஒரு துறைக்கும் மற்றொரு துறைக்கும் இடையே கடிதப் போக்குவரத்து தாமதப்பட்டது, நிலம் கையகப்படுத்துவதில் சிக்கல் நேர்ந்தது, மாநில சர்க்காரும் ரயில்வேயும் கணக்கு வழக்கில் ஒத்துப்போகவில்லை என்று காரணங்கள் அடுக்கப்படுகின்றன. அவை உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் காருக்குரிய வழி எப்போதும் முதலில் முடிவதும், கால்நடையாக வருபவனுக்குரிய வழி எப்போதும் கடைசியில் தொடங்குவதும் தற்செயலாக நேர்வன என்று நம்புவதற்கு மிகுந்த அப்பாவித்தனம் வேண்டும். ஆகவே இதைத் தர்ம விசாரமாகவே எடுத்துக்கொள்வது உசிதம். பொதுப்பணத்தைக் கொண்டு புறநகர் நெடுஞ்சாலையை அகலப்படுத்துவதா, பேருந்தையும் ரயிலையும் பெருக்குவதா என்ற கேள்வியில், வாகனம் இல்லாதவன் போய்ச் சேர வழி செய்யாத வரையில் வாகனம் உள்ளவனுக்கு மேலும் ஒரு தடம் கொடுப்பது அநியாயம் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

பாதையில் யாருக்கு முதல் உரிமை என்ற கேள்வி புதியதன்று. ஆபஸ்தம்ப தர்ம சூத்திரமும் மனுஸ்மிருதியும் வழிவிடுதலைப் பற்றித் தனியே விதி செய்திருக்கின்றன. வண்டியில் வருபவனுக்கும், நோயாளிக்கும், சுமை தூக்கி வருபவனுக்கும், பெண்ணுக்கும் மற்றவர் விலகி வழிவிட வேண்டும் என்பது அவ்விதியின் சாரம். மனு இவர்களோடு தொண்ணூறு வயது கடந்த கிழவரையும் சேர்க்கிறார். வருண பேதங்களை விதித்த அந்நூல்களை முழுப் பிரமாணமாக ஏற்க எந்த நியாயவானாலும் இயலாது. எனினும் இந்த ஒரு விதியை நின்று கவனிக்க வேண்டும். வண்டிக்காரனும் இந்தப் பட்டியலில் இருக்கிறானே என்று நெடுஞ்சாலைக் கட்சிக்காரர் மகிழக் கூடும். அவன் செல்வன் என்பதற்காகவா அவனுக்கு வழி விடச் சொன்னார்கள்? மேலே சொன்ன மற்றவரெல்லாம் எளிதில் விலக இயலாதவர்களாய் இருக்கக் காண்கிறோம். மாட்டையும் சக்கரத்தையும் சட்டென்று திருப்ப இயலாதவன் என்பதனால் அவனும் அந்த வரிசையில் வந்தான் என்று கொள்வதே பொருத்தம். விலக முடியாதவனுக்கு விலகுவதே விதியின் உயிர். இன்று ஜி.எஸ்.டி. ரோட்டின் குறுக்கே, எட்டுத் தடங்களையும் இரண்டு பக்கத்து இணைப்புச் சாலைகளையும் கடந்து, எதிர்ப்புறத்துப் பஸ் நிறுத்தத்தை அடைய நிற்கும் மூதாட்டிக்கு யார் விலகுகிறார்கள்?

கௌடில்யரோ, பாதைகளின் அகலத்தை இன்னின்ன பாதைக்கு இவ்வளவு தண்டம் என்று கோலளவில் வரையறுத்தவர். சாலை அகலமாய் இருக்க வேண்டும் என்பதில் அவரை மிஞ்சியவர் இல்லை. அவரே, வழியை அடைத்தவனுக்கு அபராதம் விதிக்கும்போது, மனிதரும் ஆடு போன்ற சிறு பிராணிகளும் நடக்கும் ஒற்றையடி வழியை அடைத்தவனையும் விட்டுவிடவில்லை. யானை செல்லும் பாதையை அடைத்தவனுக்கு அபராதம் அதிகம், நடைவழியை அடைத்தவனுக்குக் குறைவு, அவ்வளவுதான் வித்தியாசம். நம் காலத்தில் யானைப் பாதையின் அபராதத்தை வைத்துக்கொண்டு, நடைவழியின் அபராதத்தை அறவே தள்ளுபடி செய்துவிட்டோம். சாலையை அகலப்படுத்தும்போது முதலில் காணாமற் போவது நடைபாதை.

புறநானூற்றில் பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்குச் சொன்ன அறிவுரை வரி வாங்கும் முறையைப் பற்றியது. சிறு நிலமேயாயினும் விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் யானைக்குப் பல நாள் உணவாகும்; அந்த யானையே வயலுக்குள் புகுந்தால், பெரு நிலமேயானாலும், அது தின்பதைக் காட்டிலும் காலால் மிதித்து அழிப்பதே அதிகமாகும் என்பது அப்புலவர் காட்டிய நியாயம். சாலை என்னும் விளைநிலத்துக்கும் இது பொருந்தும். பதினொன்றரை அடி அகலமுள்ள ஒரு தடத்தில், எவ்விதத் தடையும் இல்லாதபோது, ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 2,000 கார்கள் செல்லும். காருக்கு ஒருவரோ இருவரோ இருப்பதால், மூவாயிரம் பேர் போய்ச் சேர்வதே பெரிது. அதே தடத்தைப் பேருந்துக்கு மட்டும் என்று ஒதுக்கி, மணிக்கு நூறு பேருந்துகளை விட்டால், உட்கார்ந்தும் நின்றும் ஆறாயிரம் பேர் செல்வர். பக்கத்திலேயே ஓடும் பன்னிரண்டு பெட்டி மின்சார ரயிலோ ஒரே ஓட்டத்தில் மூவாயிரத்துக்கு மேற்பட்டவரை ஏற்றிக்கொண்டு போகிறது. உலகு முழுவதையும் ஒரு குடைக்கீழ் ஆள்பவனுக்கும் இரவு பகல் உறங்காமல் வேட்டையாடித் திரிபவனுக்கும் உண்பதும் உடுப்பதும் ஒரே அளவுதான் என்று நக்கீரர் பெயரில் வழங்கும் புறப்பாட்டு கூறுகிறது. காரில் போகும் உடலுக்கும் பஸ்ஸில் நிற்கும் உடலுக்கும் இயற்கை கொடுத்த அளவு ஒன்றே. ஒருவனுக்கு மட்டும் சாலையில் பல மடங்கு இடத்தை அளந்து கொடுத்தது சர்க்கார்.

2006ஆம் ஆண்டில் மத்திய சர்க்கார் வெளியிட்ட தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, வாகனங்கள் நகர்வதைக் காட்டிலும் மனிதர் நகர்வதே நோக்கமாய் இருக்க வேண்டும் என்று தெளிவாகவே பேசிற்று. நல்ல கொள்கை. அதை அச்சிட்டவர்களே மறுபடியும் வாகனங்களை எண்ணித்தான் சாலை அகலத்தை நிர்ணயிக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

அகலப்படுத்தினால் நெரிசலாவது தீருமா என்றால், அதற்கும் பிரத்தியட்ச அனுபவம் சாதகமாயில்லை. அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரின் கேட்டி பெருவழியைச் சுமார் 280 கோடி டாலர் செலவில், சில இடங்களில் இணைப்புத் தடங்களையும் சேர்த்து இருபத்தாறு தடங்கள் வரை விரித்து, 2008இல் பணியை முடித்தார்கள். 2011க்கும் 2014க்கும் இடையில் அவ்வழியே காலையில் செல்வோரின் பிரயாண நேரம் 30 சதவீதமும், மாலையில் திரும்புவோரின் நேரம் 55 சதவீதமும் கூடிற்று. தூரந்தோன், டர்னர் என்ற இரு பொருளாதார அறிஞர் 2011இல் வெளியிட்ட ஆராய்ச்சி, அமெரிக்க நகரங்களில் சாலை எந்த விகிதத்தில் பெருகுகிறதோ அதே விகிதத்தில் வாகன ஓட்டமும் பெருகி அந்த இடத்தை நிரப்பிவிடுகிறது என்று காட்டியது. அதே ஆராய்ச்சி, பொதுப் போக்குவரத்தைப் பெருக்குவதாலும் சாலையின் நெரிசல் குறைந்ததாகத் தெரியவில்லை என்றும் சொல்லுகிறது. ஒரு பாதியை மட்டும் எடுத்துக்காட்டி மறு பாதியை மறைப்பது அறநூல் பேசுவோருக்கு அழகாகாது. ஆனால் அந்த மறு பாதி நம் துணிபை அசைப்பதில்லை, வலுப்படுத்துகிறது. எதைச் செய்தாலும் சாலை நிரம்பத்தான் போகிறதென்றால், நெரிசலைக் காரணம் காட்டிச் செலவிடுவதற்கே நியாயம் இல்லாமற் போகிறது; எஞ்சி நிற்பது, அந்த நெரிசலில் அகப்படாமல் போய்ச் சேரும் வழி யாருக்குக் கிடைக்கிறது என்ற ஒரே கேள்வி.

திருவள்ளுவர் இறைமாட்சி அதிகாரத்தில் அரசின் வல்லமையை வகுக்கும்போது, பொருள் வரும் வழிகளை உண்டாக்குதல், வந்ததைச் சேர்த்தல், சேர்த்ததைக் காத்தல் என்ற மூன்றோடு நிறுத்திவிடவில்லை. காத்ததை உரியவாறு பங்கிடுதலை நான்காவதாக வைத்தார். முதல் மூன்றும் சாமர்த்தியமுள்ள வணிகனுக்கும் கூடுவன. நான்காவதுதான் அரசனை அரசனாக்குவது. நம் வரவு செலவுத் திட்டங்களில் இந்த நான்காவது எப்படி நிறைவேறுகிறது? சாலைக்குச் செலவிடும்போது அதற்கு மூலதனம் என்று பெயர். பேருந்துக்குச் செலவிடும்போது அதற்கு நஷ்டம் என்று பெயர். எந்தச் சாலையும் தன் செலவை அன்றாடம் சம்பாதித்துக் காட்ட வேண்டும் என்று ஒருவரும் கேட்பதில்லை. மூவாயிரத்துச் சொச்சம் பேருந்துகளை வைத்துக்கொண்டு நாள்தோறும் லட்சக்கணக்கான ஜனங்களை ஏற்றி இறக்கும் மாநகரப் போக்குவரத்துக் கழகம் மட்டும், தன் வரவு செலவுக்கு ஆண்டுதோறும் கைகட்டிப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

வரி என்றால் பணமாகத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. ஊரப்பாக்கத்திலோ கூடுவாஞ்சேரியிலோ ஓர் அறை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, தியாகராய நகரில் துணிக்கடையில் நின்று வேலை செய்யும் பெண், இரவு கடை சாத்திய பின் ரயிலைப் பிடித்து, இறங்கிய இடத்தில் உள்ளூர்ப் பஸ் வராமல், ஷேர் ஆட்டோவில் ஐந்தாம் ஆளாய்த் தொற்றிக்கொண்டு வீடு சேரும்போது, அவளிடமிருந்து நாளொன்றுக்கு ஒரு மணியோ இரண்டு மணியோ பறிக்கப்படுகிறது. அதற்கு ரசீது கிடையாது. எந்தத் தணிக்கையிலும் அது ஏறுவதில்லை. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று ஆணையிட்டது பெருந்தன்மையான காரியம். அதை மனமாரப் பாராட்ட வேண்டும். ஆனால் காசு வாங்காத அந்தப் பஸ் அரை மணிக்கு ஒரு தரம் நிரம்பி வழிந்துகொண்டு வந்து, நிறுத்தத்தில் நிற்காமல் போகுமானால், பணத்தை விட்டுவிட்டு ஆயுளை வசூலிக்கிறோம் என்றுதான் கணக்கெழுத வேண்டும். காத்திருத்தல் என்னும் இந்த வரியை வாகனம் உள்ளவன் செலுத்துவதில்லை. இல்லாதவனிடம் மட்டும் வசூலாகும் வரியைக் கொடுங்கோன்மை என்று சொல்லத் தனி நூற்பிரமாணம் தேவையா?

திருவாரூரில் ஒரு தேர் ஓடிய கதை தமிழ் மக்கள் அனைவரும் அறிந்தது. கண்ணகி பாண்டியன் சபையில் தன் ஊரின் பெருமையாக அதை எடுத்துரைத்தாள். சேக்கிழார் அதைத் தம் காப்பியத்தின் வாயிலிலேயே வைத்தார். அரசகுமாரனின் தேர்க்காலில் பசுங்கன்று ஒன்று அகப்பட்டு மாண்டது. மந்திரிகள் பிராயச்சித்தம் செய்துவிடலாம் என்றார்கள். சாஸ்திரத்தில் அதற்கு இடமும் இருந்தது. தன் மகன் செய்த கொலைக்கு ஒரு நீதி, பிறன் செய்த கொலைக்கு வேறொரு நீதியா என்று கேட்டு அதை மறுத்துவிட்டான் மனுநீதிச் சோழன். கன்று ஏன் வீதிக்கு வந்தது, தாய்ப்பசு ஏன் அதைப் பார்த்துக்கொள்ளவில்லை, தேரோட்டத்துக்கென்று வீதியை இன்னும் அகலமாக்கி வேலி போடலாமே என்று அந்தச் சபையில் யாரும் சொன்னதாகச் சேக்கிழார் எழுதவில்லை. 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,000க்கு மேற்பட்டவர் மாண்டனர். அவர்களுள் பத்தில் ஆறு பேருக்கு மேல் நடந்து சென்றவர்களும் இருசக்கர வாகனத்தில் சென்றவர்களுமாவர். சாலை அகலமாக ஆக வேகம் கூடுகிறது. வேகம் கூடக் கூடக் குறுக்கே நடப்பவன் பிழைக்கும் வாய்ப்புக் குறைகிறது. ஒவ்வொரு சாவுக்குப் பின்னும் நிவாரணத் தொகை அறிவிக்கிறோம். மந்திரிகள் சொன்ன பிராயச்சித்தத்துக்கும் இதற்கும் அதிக தூரமில்லை.

மறுபுறத்தில் சொல்வதற்கும் சில உண்டு. ஒரகடத்திலும் மறைமலை நகரிலும் உற்பத்தியாகும் சரக்கு ரயிலில் மட்டுமே போய்விடாது. லாரிக்குச் சாலை வேண்டும். ஆம்புலன்ஸுக்கு வழி வேண்டும். தவணையில் வாங்கிய ஸ்கூட்டரில் சோற்றுப் பொட்டலம் கொண்டு சேர்க்கும் இளைஞனைச் செல்வன் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அவனும் அதே சாலையில்தான் பிழைக்கிறான். இவை மெய்யே. ஆயினும் லாரிக்கும் ஆம்புலன்ஸுக்கும் வழியை அடைத்துக்கொண்டு நிற்பது பஸ்ஸா, ஆள் ஒருவர் அமர்ந்த கார்களா என்று எந்த மாலை வேளையிலும் பெருங்களத்தூரில் நின்று பார்த்தால் விடை கிடைக்கும். ஆகவே இந்த ஆக்ஷேபத்தை இதற்கு மேல் வளர்ப்பதில் பயனில்லை.

சென்னை இந்தப் பாடத்தைப் புதிதாகக் கற்க வேண்டிய ஊருமன்று. 1895இல் மின்சார டிராம் ஓடத் தொடங்கிய பட்டணம் இது. இந்தியாவில் வேறு எங்கும் அதற்கு முன் அது ஓடியதில்லை. 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் வந்தது. மாம்பலமும் குரோம்பேட்டையும் அந்தத் தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டுதான் வளர்ந்தன. ரயிலுக்குப் பின்னால் ஊர் வந்தது. வந்த ஊரில் நடந்தே நிலையத்துக்குப் போக முடிந்தது. பின்னர், 1953இல் டிராம் நின்றது. நின்றதற்காகப் பெரிதாக வருந்தியவர் இல்லை. அதன் பின் நம் முறையே தலைகீழாயிற்று. முதலில் ரோடு, பிறகு மனைப்பிரிவு, பிறகு கார், அதற்கும் பிறகு, ஜனங்கள் கூக்குரலிட்டால், ஒரு பஸ். வேளச்சேரிக்கும் பரங்கிமலைக்கும் இடையே ஐந்து கிலோமீட்டர் பறக்கும் ரயில் பாதைக்கு 2008இல் வேலை தொடங்கிற்று. நடுவில் ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர் நிலத்துக்காக அது பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் இழுபறியில் கிடந்தது. அதே பதினைந்து ஆண்டுகளில் அந்தச் சுற்றுவட்டாரத்தில் எத்தனை மேம்பாலங்கள் எழுந்தன என்பதை அவற்றின்மேல் தினமும் செல்பவர்களே எண்ணிப் பார்க்கட்டும்.

அசோகச் சக்கரவர்த்தி தன் தூண் சாசனமொன்றில், வழி நெடுக ஆலமரங்களை நட்டதையும் கிணறுகள் தோண்டியதையும் சத்திரங்கள் கட்டியதையும், மனிதருக்கும் விலங்குகளுக்கும் நிழலும் நீரும் கிடைக்க வேண்டும் என்பதற்காகச் செய்ததாகப் பொறித்து வைத்தான். சாலையைப் பற்றிப் பேசும் ஓர் அரசன் அதன் அகலத்தைச் சொல்லாமல் நிழலைச் சொன்னது ஆழ்ந்து நோக்கத்தக்கது. தமிழ்நாட்டில் நெடுஞ்சாலையை விரிப்பது என்றால், தலைமுறைகளாக நிழல் கொடுத்து, ஆண்டுதோறும் காய் ஏலத்தில் சர்க்காருக்கு வருமானமும் கொடுத்த புளிய மரங்களைச் சாய்ப்பதில்தான் வேலை ஆரம்பமாகிறது. நிழல் யாருக்கு வேண்டும்? கண்ணாடியை ஏற்றிக் குளிர்சாதனத்தைப் போட்டுக்கொண்டு போகிறவனுக்கு வேண்டியதில்லை. முல்லைக்கொடிக்குத் தேரைக் கொடுத்த பாரியின் கதையை அரசியல்வாதிகள் மேடைதோறும் பாடுகிறார்கள். ஊர்தி உடையவன் அதிலிருந்து இறங்கி நடந்து வீடு போனான் என்பதே அக்கதையின் செய்தி என்பதை மட்டும் வசதியாக விட்டுவிடுகிறார்கள். உடைமையைத் துறந்து அனுபவி என்ற ஈசாவாஸ்ய உபநிஷத்தின் கட்டளையையும், கடையனுக்கும் கடையனின் முகத்தை நினைத்துப் பார்த்து, இந்தச் செயல் அவனுக்குப் பயன்படுமா என்று கேட்டுக்கொள்ளச் சொன்ன காந்தியடிகளின் அறிவுரையையும் இதோடு சேர்த்துப் படித்தால், பாரி செய்ததை வெறும் கொடைமடம் என்று தள்ளிவிட மனம் வராது. ஒரு நகரமே இப்படித் துறந்ததும் உண்டு: தென்கொரியாவின் தலைநகரான சியோலில் சங்கேசன் ஓடையின்மேல் போட்டிருந்த உயர்மட்டப் பெருவழியை 2003இல் இடிக்கத் தொடங்கி, பஸ் வழிகளைச் சீர்திருத்தி, 2005இல் ஓடையைத் திறந்துவிட்டார்கள். அந்நகரம் ஸ்தம்பித்துப் போய்விடவில்லை.

காரை யாரும் விற்றுவிட வேண்டும் என்று இங்கே சொல்லவில்லை. வைத்திருப்பவர் வைத்திருக்கட்டும், ஓட்டட்டும். பொதுப்பணத்தைப் பங்கிடும் முறையிலே, கையில் பையோடு நிறுத்தத்தில் நிற்பவர் முதல் பந்தியில் அமர வேண்டும் என்பதே கோரிக்கை. இருக்கும் எட்டுத் தடங்களில் போகும்போது ஒன்றையும் வரும்போது ஒன்றையும் பேருந்துக்கென்று பிரித்துக் கொடுப்பதற்கு ஒரு சென்ட் நிலம் புதிதாக வேண்டாம். ஒரு மரத்தை வெட்ட வேண்டாம். வேண்டுவது துணிவு மாத்திரமே. ஆகவே வாசகர்களே, அடுத்த தேர்தலில் உங்கள் தெருவுக்கு வாக்குக் கேட்டு வருபவர் புதிய மேம்பாலத்தையும் அகலச் சாலையையும் வாக்குறுதியாக நீட்டும்போது, எங்கள் நிறுத்தத்துக்கு எத்தனை நிமிஷத்துக்கு ஒரு பஸ் வரும் என்று கேளுங்கள்; எண்ணைச் சொல்லாதவருக்கு வாக்களிக்காதீர்கள்.